ரஸ்ட்டில் ஒரு டைப்புக்கு இரண்டு இம்ப்ளிமென்டேஷன் மோதினால் என்ன செய்வது

ரஸ்ட் நிரலாக்க மொழியில் ஒரு சின்ன லாகிங் லைப்ரரி எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ‘லாக்லைன்’ என்று ஒரு டிரெய்ட், அதாவது ஒரு டைப் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரையறை. டிஸ்ப்ளே (மதிப்பைப் படிக்கும் எழுத்தாகக் காட்டும் டிரெய்ட்) உள்ள எல்லா டைப்புக்கும் பொதுவாக ஒரு இம்ப்ளிமென்டேஷன் போட்டேன். பைட்டுகள் அடங்கிய வெக் (வளரக்கூடிய பட்டியல்) மட்டும் ஹெக்ஸாக (பதினாறடிமான எண்களாக) வர வேண்டும் என்பதால் அதற்குத் தனியாக ஒன்று. இரண்டு இம்ப்ளிமென்டேஷனும் மோதுகின்றன என்ற ஈ0119 பிழையோடு கம்பைலர் நிறுத்திவிட்டது. வெக்குக்கு டிஸ்ப்ளேவே கிடையாதே, அப்புறம் எங்கே மோதுகிறது என்று வெகுநேரம் குழம்பினேன். பிழைச் செய்தியின் கடைசிக் குறிப்பில்தான் விடை இருந்தது: ஸ்டாண்டர்ட் லைப்ரரி பின்னொரு நாள் வெக்குக்கு டிஸ்ப்ளே சேர்த்துவிடலாம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, மோதல் இப்போதே இருக்கிறதா, இனிமேல் வரக்கூடியதா என்பதை. வெக் இரண்டாவது வகை. ஸ்ட்ரிங்குக்குத் தனி இம்ப்ளிமென்டேஷன் கேட்டால் அது முதல் வகை, ஏனென்றால் ஸ்ட்ரிங்குக்கு டிஸ்ப்ளே ஏற்கெனவே இருக்கிறது.

இனிமேல் வரக்கூடிய மோதலுக்கு எளிய வழி நியூடைப். வெக்கை உள்ளே வைத்து ‘ஹெக்ஸ்’ என்று சொந்தமாக ஒரு ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். அது நம் கிரேட்டில் (ரஸ்ட் தொகுப்பில்) இருப்பதால் அதற்கு டிஸ்ப்ளே எழுதும் உரிமை நம்மிடம்தான். நாம் எழுதவில்லை என்பது கம்பைலருக்கும் தெரியும். உடனே ஒத்துக்கொள்ளும். பயன்படுத்துபவர்களை அப்படிச் சுற்றச் சொல்ல மனமில்லை என்றால், டிரெய்ட்டுக்கே ஒரு மார்க்கர் டைப் பாராமீட்டர் (எந்த வழி என்று அடையாளம் காட்ட மட்டுமே உள்ள டைப்) கொடுக்கலாம்: டிஸ்ப்ளே வழிக்கு ஒரு மார்க்கர், பைட் வழிக்கு இன்னொன்று. ஒன்று மட்டும் பொருந்தினால் கம்பைலரே மார்க்கரைக் கண்டுபிடித்துவிடும். ஸ்ட்ரிங்குக்கு இது உதவாது. இரண்டுமே பொருந்துவதால் எது வேண்டும் என்று நம்மையே திருப்பிக் கேட்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. பொது இம்ப்ளிமென்டேஷனை எடுத்துவிட்டு, தேவையான டைப்புகளுக்கு ஒரு மேக்ரோவால் (கோடை எழுதித் தரும் கோட்) வரிசையாக எழுதிவிடுங்கள். டிரெய்ட்டில் ‘ஸ்லைஸை எழுது’ (ஸ்லைஸ் என்பது வரிசையாக அமைந்த உறுப்புகள்) என்று இன்னொரு மெத்தட் வையுங்கள். அதன் டிஃபால்ட், உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுதட்டும். வெக்கின் இம்ப்ளிமென்டேஷன் அந்த மெத்தடைக் கூப்பிடும், யு8 (பைட்டின் டைப்) மட்டும் அதை மாற்றி ஹெக்ஸ் எழுதும். ஹாஸ்கெல் மொழியில் எழுத்துகளின் பட்டியல் மேற்கோள் குறிகளோடு அச்சாவது, ஷோ வகுப்பிலுள்ள ஷோலிஸ்ட் செய்யும் இதே வேலையால்தான். ரஸ்ட்டின் ஹேஷ் டிரெய்ட்டிலும் ஸ்லைஸுக்கென்று தனி மெத்தட் இருக்கிறது.

ஏற்கெனவே இருக்கும் மோதலுக்கு வழிகள் குறைவு. ஒரே இம்ப்ளிமென்டேஷனுக்குள் டைப்ஐடியை (ஒவ்வொரு டைப்புக்கும் உள்ள அடையாளத்தை) ஒப்பிட்டுப் பிரிக்கலாம். ஆனால் டைப் ஸ்டாட்டிக் லைஃப்டைம் (நிரல் முடியும்வரை செல்லத்தக்க ஆயுள்) உள்ளதாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய தரவை வைத்திருக்கும் டைப்புகள் வெளியே போய்விடும்.

ஆட்டோரெஃப் தந்திரமும் உண்டு. மெத்தடைத் தேடும்போது கம்பைலர் முதலில் மதிப்பை உள்ளபடியே பார்க்கும், கிடைக்காவிட்டால்தான் ஒரு ரெஃபரன்ஸ் சேர்த்துப் பார்க்கும். சிறப்பானதை ஸ்ட்ரிங்குக்கும், பொதுவானதை வேறொரு டிரெய்ட்டில் ரெஃபரன்ஸ் டைப்புக்கும் எழுதி, இரண்டு மெத்தடுக்கும் ஒரே பெயர் வைத்தால் சிறப்பானது முந்திக்கொள்ளும். மேக்ரோவுக்குள் இது அருமையாக வேலை செய்யும். ஜெனரிக் ஃபங்ஷனுக்குள் (பல டைப்புகளை ஏற்கும் பொது ஃபங்ஷன்) மட்டும் வேண்டாம். அங்கே மெத்தடைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் டைப் இன்னதென்று தெரியாது. ஸ்ட்ரிங் கொடுத்தாலும் பொதுவானதே ஓடும். பிழைச் செய்தியும் வராது என்பதால் இதற்கு ஒரு டெஸ்ட் எழுதிவிட்டுத்தான் நகருங்கள்.

ஸ்பெஷலைசேஷன் (பொது இம்ப்ளிமென்டேஷனைச் சிறப்பானது மீற அனுமதிக்கும் வசதி) வந்தால் இத்தனை சுற்று தேவைப்படாது. அதற்கான முன்மொழிவு, ஆர்எஃப்சி 1210, 2016-இலேயே ஏற்கப்பட்டது; இன்னும் நைட்லி என்ற சோதனைப் பதிப்பில்தான் கிடைக்கிறது. லைஃப்டைமைப் பொறுத்து இம்ப்ளிமென்டேஷன் மாறினால், கோட் உருவாகும் கட்டத்தில் லைஃப்டைம்கள் அழிந்துபோயிருப்பதால் தவறானதைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. வெளியிடப்போகும் லைப்ரரியில் அதை நம்பி எழுதாதீர்கள். என் லாகிங் லைப்ரரி ஸ்லைஸ் மெத்தடோடுதான் ஓடுகிறது.