வாட்டரைட்: நிலையற்ற ஒரு சுண்ணாம்புக் கனிமத்தைப் பள்ளி ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்த்தல்

சங்ககிரிப் பகுதியில் சிமெண்டுக்காக வெட்டி எடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி கால்சைட் என்னும் கனிமம். அதே கால்சியம் கார்பனேட், அணுக்கள் அடுக்கப்படும் விதம் மாறினால், கடற்சிப்பிகளில் காணப்படும் அரகோனைட்டாகவும், ஜெர்மானியக் கனிமவியலாளர் ஹைன்ரிச் வாட்டரின் பெயரைத் தாங்கிய வாட்டரைட்டாகவும் அமையும். மூன்றிலும் நிலைப்புத்தன்மை மிகக் குறைந்தது வாட்டரைட்தான். இயற்கையில் அரிதாகத்தான் கிடைக்கிறது; சில பித்தப்பைக் கற்களிலும், பளபளப்பு இல்லாத சில நன்னீர் முத்துகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஆனாலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஆசிரியரின் மேற்பார்வையில் இதை ஒரே பிற்பகலில் உருவாக்கிவிடலாம். உருவாக்குவது எளிது, உருவானதை உரிய நேரத்தில் நீரிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

தேவையானவை

ஆய்வகத் தரமுள்ள கால்சியம் குளோரைடு (இரு நீர் மூலக்கூறுகள் கொண்டது) 4.9 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 3.5 கிராம், இரண்டு முகவைகள், கண்ணாடிக்கோல், வடிதாள், புனல், வெப்பமானி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 400 மடங்கு உருப்பெருக்கும் நுண்ணோக்கி. கையில் இருப்பது பத்து நீர் மூலக்கூறுகள் கொண்ட சலவைச் சோடா என்றால் 3.5 கிராமுக்குப் பதில் 9.4 கிராம் எடுக்க வேண்டும். நீரின் எடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இரு கரைசல்களின் விகிதம் குலைந்துவிடும்.

நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. மாமாங்கம், செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பக்கங்களில் வெட்டப்படும் வெள்ளைக்கல் சுண்ணாம்பு அன்று. அது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அதைச் சூழ்ந்த பாறைகளும் மக்னீசியம் நிறைந்தவை என்பதால் நிலத்தடி நீரிலும் மக்னீசியம் கரைந்திருக்க வாய்ப்பு மிகுதி. மக்னீசியம் அயனிகள் கால்சைட் வளர்வதைத் தடுத்து, படிகமாதலின் போக்கையே மாற்றக்கூடியவை. ஆகவே காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

முதல் படி: கரைசல்கள்

ஒவ்வொரு உப்பையும் தனித்தனி முகவையில் நீரில் கரைத்து, 100 மில்லி லிட்டர் கரைசலாக்குங்கள். கால்சியம் குளோரைடு கரையும்போது வெப்பம் வெளிப்பட்டு முகவை சற்றே வெதுவெதுப்பாகும். இரண்டு கரைசல்களும் 25 முதல் 30 டிகிரி செல்சியசுக்கு வரும்வரை காத்திருங்கள். சித்திரை, வைகாசியில் ஆய்வகமே இதைவிடச் சூடாக இருக்கும் என்பதால், குளிர்ந்த நீர் நிரப்பிய தட்டில் முகவைகளை வைப்பது நல்லது. வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது வாட்டரைட்டுக்குப் பதில் ஊசி வடிவ அரகோனைட் மேலோங்கும். 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே அரகோனைட் கலந்து உருவாகத் தொடங்கிவிடலாம்.

இரண்டாம் படி: கலத்தல்

கார்பனேட் கரைசலை வேகமாகக் கலக்கிக்கொண்டே கால்சியம் குளோரைடு கரைசலை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். அந்தக் கணமே முகவை வெண்மையாகி, கட்டித்தயிர் போல இறுகும். கோலைத் தள்ளுவதே கடினமாக இருக்கும் இந்நிலையில் உங்கள் முன் இருப்பது இன்னும் படிகம் அன்று. அணுக்களுக்கு ஒழுங்கான அடுக்கு இல்லாத, நீர் தேங்கிய கால்சியம் கார்பனேட். நிறுத்தாமல் கலக்கினால் சிறிது நேரத்தில் அந்த இறுக்கம் தளர்ந்து, கலவை நீர்த்துப் பால் நிறத் திரவமாகும். கோலில் உணரும் இந்தத் தளர்ச்சிதான் வாட்டரைட் பிறப்பதன் முதல் அடையாளம். மொத்தம் ஐந்து நிமிடம் கலக்குங்கள்.

மிக நிலையான கால்சைட் நேரடியாக உருவாகாமல் இந்தச் சுற்றுவழி ஏன் என்ற கேள்வி எழும். ஒரு பொருள் படிகமாகும்போது பெரும்பாலும் ஆற்றலில் தனக்கு மிக அருகில் உள்ள, நிலைப்புக் குறைந்த வடிவத்தை முதலில் அடைந்து, பிறகே படிப்படியாக நிலையான வடிவத்துக்கு இறங்கும் என்று வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு 1897-இல் விளக்கினார். அந்தப் படிகளில் இரண்டை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

மூன்றாம் படி: பாதுகாத்தல்

கலவையில் கால் பங்கை மட்டும் உடனே வடிகட்டுங்கள். முழுவதையும் வடிதாளில் ஊற்றினால் வடிவதற்கு நெடுநேரமாகும், அதற்குள் மாற்றம் தொடங்கிவிடக்கூடும். உப்பு நீங்கச் சிறிதளவு காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறையும், பின் ஆல்கஹாலால் இருமுறையும் கழுவி உலரவிடுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்; அருகில் பன்சன் சுடரோ அடுப்போ இருக்கக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மீதி முக்கால் பங்கு, முகவையில் நீரோடு மறுநாள் வரை அப்படியே இருக்கட்டும்.

நான்காம் படி: பார்த்தல்

உலர்ந்த தூளில் துளியளவை நழுவத்தில் இட்டு, ஒரு சொட்டு ஆல்கஹால் சேர்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் எண்ணற்ற நுண்படிகங்களின் திரள். மறுநாள் முகவையின் அடியில் படிந்ததைப் பார்த்தால் உருண்டைகள் குறைந்து, கூரிய விளிம்பும் சாய்சதுர முகங்களும் கொண்ட கால்சைட் படிகங்கள் மிகுந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைத் தூள். வினிகர் விட்டால் இரண்டுமே நுரைக்கும் என்பதால் அமிலச் சோதனையும் இங்கே உதவாது.

வாட்டரைட் திண்ம நிலையிலேயே உருமாறுவதில்லை. அதன் கரைதிறன் கால்சைட்டைவிட அதிகம். 25 டிகிரியில் அதன் கரைதிறன் பெருக்கம் (நிறைவுற்ற கரைசலில் உள்ள இரு அயனிகளின் செறிவுகளைப் பெருக்கிய மதிப்பு) கால்சைட்டினுடையதைப் போல ஏறத்தாழ 3.7 மடங்கு. எனவே உருண்டைகள் நீரில் கரைய, கரைந்த அயனிகள் கால்சைட்டாகப் படிகின்றன. அடர்த்தியும் கன செ.மீ.க்கு 2.54 கிராமிலிருந்து 2.71 கிராமுக்கு உயர்கிறது. நீர் இல்லாவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். உலர்ந்த வாட்டரைட்டை மாற்ற ஏறத்தாழ 400 டிகிரி வெப்பம் தேவைப்படும். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் இதைச் செய்பவர்களுக்கு, கரைசல் குளிர்ந்திருப்பதால் மாற்றம் மெதுவாக நடக்கும். ஒரு நாளுக்குப் பின்னும் உருண்டைகள் தெரிந்தால் மேலும் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

உலர்ந்த தூளை இறுக மூடும் சிறு குப்பியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்து, செய்த தேதியையும் கலந்தபோது இருந்த வெப்பநிலையையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை, கால்சியம் குளோரைடு கரைசலில் ஒரு சிட்டிகை மக்னீசியம் சல்பேட் சேர்த்து, வேறெதையும் மாற்றாமல் செய்து, அந்தக் கட்டி தளர எடுக்கும் நேரத்தை முதல் முறையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.