குரூப் 4 படிப்பவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். அதில் பாதி தமிழ். 2024இல் 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். நூலகம் திறக்கும் முன்பே வாசலில் வந்து நிற்பவர்களிடம் போய் விடாமுயற்சி பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த உழைப்பு எங்கே வீணாகிறது என்று பார்ப்பதுதான் உதவும்.

பெரும்பாலும் அது மறுவாசிப்பில் வீணாகிறது. ஆறாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்தை நாலாம் தடவை புரட்டும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு பாடப்பகுதியை மீண்டும் படித்தார்கள். இன்னொன்றைப் படித்த பிறகு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது நினைவில் நின்றது மறுவாசிப்பில் 81 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42, 56. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் 'நமக்கு நினைவிருக்கும்' என்ற நம்பிக்கை அதிகம். ஒரு வாரத்தில் அதிகம் மறந்தவர்களும் அவர்களே.

அதனால் ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். சங்க இலக்கியத்தில் எட்டுத்தொகை நூல்கள் எவை? ஆறு வந்து ஏழாவது வராமல் திணறுவீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். அப்படித் தேடி எடுக்கும்போதுதான் நினைவு பலப்படுகிறது. மஞ்சள் ஹைலைட்டர் அந்த வேலையைச் செய்யாது.

மாடல் டெஸ்டைத் தள்ளிப்போடுவதும் இதே குடும்பம்தான். "சிலபஸ் முழுசா முடிச்சுட்டு எழுதுறேன்" என்பார்கள். சிலபஸ் யாருக்குத்தான் முழுசாக முடிந்திருக்கிறது?

ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஒரு நாள் விட்டுப்போனால், 'போச்சு, இனி திங்கட்கிழமைதான்' என்று வாரத்தையே கைவிடுவது இன்னொன்று. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் லாலி குழுவினர் பழக்கங்கள் உருவாவதை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை. பழக்கம் படிய எடுத்த காலமோ ஆளுக்கு ஆள் மாறி, 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. '21 நாளில் பழக்கம் படிந்துவிடும்' என்ற கணக்கை மறந்துவிடலாம்.

கடைசியாக, வீட்டில் யாரும் பேசத் தயங்குவது: எப்போது நிறுத்துவது? 'மூணு வருஷம் போட்டாச்சே' என்பது தொடர்வதற்கான காரணமே இல்லை. போன வருடங்கள் எப்படியும் திரும்பி வரப்போவதில்லை. நேரம் வைத்து எழுதும் மாடல் டெஸ்டில் மார்க் ஏறிக்கொண்டிருந்தால் தொடரலாம். ஒரு வருடமாக அதே இடத்தில் நின்றால், முதலில் படிக்கும் முறையை மாற்றுங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால் வேறு வேலை தேடிக்கொண்டே எழுதலாம். இந்த எல்லையை ரிசல்ட் வந்த அன்று முடிவு செய்யக் கூடாது. விண்ணப்பிக்கும் அன்றே எழுதி வைத்துவிடுங்கள்.