சீசியத்தை வைத்து நொபீலியத்தின் திணிவைக் கணித்தல்

வந்தாறுமூலை வளாகத்தில் பௌதிகவியல் படிப்பவர்கள் கணிப்பானிலேயே செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. ஜேர்மனியின் டாம்ஸ்டாட்டில் உள்ள பென்னிங் பொறியில் (அயன்களை மின், காந்தப் புலங்களால் பிடித்து வைக்கும் கருவி), 7 தெஸ்லா காந்தப்புலத்தில், +2 ஏற்றமுள்ள நொபீலியம்-254 (செயற்கையான பாரமான மூலகம்) அயன் சுழலும் மீடிறன் சுமார் 846 கிலோஹேர்ட்ஸ். திணிவு கூடினால் இந்த மீடிறன் குறையும்; அதனால் மீடிறனிலிருந்தே திணிவைக் கணிக்கலாம்.

கல்முனைச் சந்தையில் தராசைப் படிக்கல் வைத்துப் பார்ப்பதுபோல, +1 ஏற்றமுள்ள சீசியம்-133 அயனை முன்னும் பின்னும் அளக்க வேண்டும். காந்தப்புலம் மெல்ல நகரும். ஒருமுறை மட்டும் அளந்தால் அந்த நகர்வு திணிவில் ஏறிவிடும். இரு சீசிய மீடிறன்களையும் நொபீலியம் அளந்த நேரத்துக்கு இடைக்கணியுங்கள்.

சீசியத்தின் அணுத்திணிவு 132.905452 அணுத்திணிவு அலகு. இதில் ஓர் இலத்திரனைக் (0.000549) கழித்து, சீசிய மீடிறனை நொபீலிய மீடிறனால் வகுத்து வரும் விகிதத்தால் பெருக்கி, நொபீலிய அயனின் ஏற்றம் இரண்டு என்பதால் இரட்டித்து, இரண்டு இலத்திரன்களைக் கூட்டுங்கள். இந்த இரண்டு இலத்திரன்களைக் கூட்ட மறந்தால், திணிவைச் சக்தி அலகில் சொன்னால், பிழை 1 மெகா இலத்திரன்வோல்ட்டைத் தாண்டும். நொபீலிய மீடிறன் 1 ஹேர்ட்ஸ் தவறினாலே 280 கிலோ இலத்திரன்வோல்ட் பிசகும். ஆகவே விகிதத்தை இடையில் மட்டந்தட்ட வேண்டாம்.