பல கவுண்டரில் ஒரே நேரத்தில் ரசீது: டிரிக்கரால் வரும் டெட்லாக்கைத் தவிர்க்க

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கும்போது கோவில் அலுவலகத்தில் இரண்டு மூன்று கவுண்டரில் ஒரே சமயத்தில் நன்கொடை ரசீது போடுகிறார்கள். மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் ஓடுகிறது, ‘ரசீது’ அட்டவணையில் ஒரு வரி சேர்ந்ததும் ‘நிதி’ அட்டவணையில் அன்னதானம், திருப்பணி முதலியவற்றின் மொத்தத்தைக் கூட்டும் ஆஃப்டர் இன்செர்ட் டிரிக்கர் (வரி சேர்ந்த பிறகு தானாக ஓடும் நிரல்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டமில்லாத நாளில் எதுவும் தெரியாது. வரிசை நீளும் நாளில் 1213 என்ற டெட்லாக் பிழை வரும், அதாவது இரண்டு வேலைகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்கும் முட்டல்.

பலரும் தேடாத இடத்தில்தான் காரணம் இருக்கிறது. ரசீதிலிருந்து நிதிக்கு ஃபாரின் கீ (ரசீதில் உள்ள நிதி எண் நிதி அட்டவணையில் இருக்கிறதா என்று சோதிக்கும் இணைப்பு) இருந்தால், இன்செர்ட் நடக்கும்போதே மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி அந்த நிதி வரியின்மேல் பகிர்வுப் பூட்டு போடுகிறது. இரண்டு கவுண்டரும் ஒரே வரியில் அதை வைத்திருக்கலாம். பிறகு டிரிக்கர் அதே வரியை அப்டேட் செய்ய, ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய தனிப்பூட்டு கேட்கிறது. இருவரும் மற்றவர் விடட்டும் என்று காத்திருக்க, ஒருவரின் டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே நிறைவேற வேண்டிய வாக்கியத் தொகுப்பு) முழுவதையும் இன்னோடிபி ரத்து செய்துவிடும்.

சிறந்த தீர்வு, டிரிக்கரையே எடுத்துவிட்டு, மொத்தம் வேண்டும்போது ரசீதுகளைக் கூட்டிக்கொள்வது. நிதி எண்ணில் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) இருந்தால் ஒரு கோவிலின் ரசீதுகளைக் கூட்ட நேரம் ஆகாது.

டிரிக்கர் கட்டாயம் வேண்டுமென்றால், நிதிக்கு ஒரே மொத்த வரி வைக்காதீர்கள். ‘நிதி எண், கவுண்டர் எண்’ இரண்டும் சேர்ந்த பிரைமரி கீயோடு (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது) தனி மொத்த அட்டவணை போட்டு, எல்லா வரிகளையும் பூஜ்யத்தோடு முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். ஒவ்வொரு கவுண்டரும் தன் வரியை மட்டுமே தொடும்.

அட்டவணையை மாற்ற வழியில்லையா? டிரிக்கரை, வரி சேருமுன் ஓடும் பிஃபோர் இன்செர்ட்டாக மாற்றுங்கள். அப்போது தனிப்பூட்டு முதலில் கிடைத்துவிடும், ஃபாரின் கீ சோதனை பிறகு வரும். ஒருவர் பின் ஒருவராகக் காத்திருப்பார்கள், ஆனால் மேற்சொன்ன முட்டல் வராது.

ஒரே ரசீதில் பல நிதிகள் இருந்தால், வரிகளை நிதி எண்ணின் ஏறுவரிசையில் அடுக்கிய பிறகே இன்செர்ட் செய்யுங்கள். ஒருவர் 2, 5 என்றும் மற்றவர் 5, 2 என்றும் பூட்டினால் மறுபடி டெட்லாக்தான்.

டிரிக்கருக்குள் இருக்கும் அப்டேட்டில் எந்த வரி என்று சொல்லும் ‘WHERE’ நிபந்தனைக்கு இண்டெக்ஸ் கட்டாயம். இல்லாவிட்டால் இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் என்ற தனிமைப்படுத்தல் நிலையில், தேடிப் பார்த்த வரிகள் எல்லாமே பூட்டப்படும். காமிட் ஆகும்வரை (மாற்றம் நிலையாகப் பதியும்வரை) பூட்டு விடாது என்பதால், ரசீதை அச்சடிப்பதைக் காமிட்டுக்குப் பிறகு வையுங்கள். காகிதம் சிக்கிய ஒரு பிரிண்டர் எல்லாக் கவுண்டரையும் நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் மறுமுயற்சி நிரல் வேண்டும். 1213 வந்தால் டிரான்சாக்‌ஷனைத் தொடக்கத்திலிருந்து ஓட்டுங்கள், மூன்று முறை வரை, நடுவே 100 முதல் 300 மில்லிசெகண்ட் வரை மாறும் இடைவெளியோடு. காத்திருப்பு நேரம் முடிந்தது என்னும் 1205 வேறு மாதிரி: இயல்பு அமைப்பில் கடைசி வாக்கியம் மட்டுமே ரத்தாகும், மற்றவை பூட்டுகளோடு அப்படியே நிற்கும். நீங்களே ரோல்பேக் (எல்லாவற்றையும் ரத்து செய்யும் கட்டளை) கொடுத்துவிட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும். இயல்பான காத்திருப்பு 50 விநாடி. பக்தர் எதிரே நிற்கும் கவுண்டருக்கு அது மிக அதிகம், 5 போதும்.

எந்த இரண்டு வாக்கியங்கள் முட்டின என்று பார்க்க ‘ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்’ கொடுங்கள். அது கடைசி டெட்லாக்கை மட்டுமே காட்டும். விழா நாட்களில் எல்லா டெட்லாக்கையும் பிழைப் பதிவில் எழுதும் அமைப்பை இயக்கி வையுங்கள்.