தக்காளி நாற்றில் தற்காப்பு மரபணு விழிப்பதை அளப்பது எப்படி?

புழு கடித்த தக்காளி இலை சும்மா இருப்பதில்லை. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் அதில் மளமளவென்று ஊறும். சாதாரண நேரத்தில் தற்காப்பு மரபணுக்களை அடக்கி வைத்திருப்பவை ஜாஸ் புரதங்கள். ஹார்மோன் ஏறியதும் செடி அவற்றைச் சிதைத்துவிடும். தடை விலகி, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் போன்ற நொதிகள் பெருகும். புழு மெல்லும்போது அந்த நொதி பீனால்களோடு கலந்து குயினோன்களை உண்டாக்கும். அவை இலைப் புரதத்தில் ஒட்டிக்கொள்வதால் புழுவுக்கு அது சரியாகச் செரிக்காது. எனக்கு இன்றும் வியப்பு தீராத ஏற்பாடு இது.

புழு இல்லாமலே இதை அளக்கலாம். அந்த ஹார்மோனின் ஆவியாகும் வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட்டைச் செடியில் தெளித்தால் போதும்.

முதல் படி, கரைசல். 22 மைக்ரோலிட்டர் மெத்தில் ஜாஸ்மோனேட்டை எத்தனாலில் கலந்து 1 மில்லிலிட்டராக்குங்கள். அதை 1 லிட்டர் நீரில் ஊற்றினால் செறிவு சுமார் 100 மைக்ரோமோலார். இதைத்தான் செடிகளில் தெளிக்க வேண்டும். ஹார்மோன் தெளிக்காத ஒப்பீட்டுச் செடிகளுக்கு வெறும் நீர் போதாது, அதே அளவு எத்தனால் கலந்த நீர் வேண்டும்.

இரண்டாவதுதான் பலர் சறுக்கும் இடம். மெத்தில் ஜாஸ்மோனேட் ஆவியாகிப் பரவும். காற்று வழியாகவே பக்கத்துச் செடியைத் தூண்டும் என்று ஆய்வாளர்கள் ஃபார்மரும் ரயனும் 1990-இல் தக்காளியிலேயே காட்டினார்கள். முதல் முறை நான் தெளித்த செடித் தட்டையும் ஒப்பீட்டுத் தட்டையும் ஒரே பெட்டியில் வைத்தேன். ஒப்பீட்டுச் செடியிலும் மரபணு ஏறிக் கிடந்தது, ஒரு வார உழைப்பு போயிற்று. தனித்தனி அறை, ஒரே வெளிச்சம், ஒரே வெப்பம். இதில் சமரசமே வேண்டாம்.

அப்புறம் 0, 1, 3, 6, 24 மணி நேரங்களில் இலை பறியுங்கள். பகல் இரவைப் பொறுத்தும் மரபணு அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டு இலையும் வேண்டும். பறிப்பதே காயம்தான், எனவே பறித்த நொடியே திரவ நைட்ரஜனில் போடுங்கள்.

ஆர்.என்.ஏ. பிரித்து, டி.என்.ஏ. எச்சத்தை நீக்கி, சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகல்) ஆக்கி, நிகழ்நேர பி.சி.ஆரில் ஓட்டுங்கள். அது அந்த நகலைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி, பெருகும் அளவை ஒளியாகக் காட்டும் கருவி. நீங்கள் ஆராயும் தற்காப்பு மரபணுவோடு, ஹார்மோனால் மாறாத ஒன்றையும் (ஆக்டின் மரபணு அப்படி மாறாமல் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு) அளக்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒளி எத்தனையாவது சுற்றில் வரம்பைத் தாண்டுகிறதோ, அதுதான் சி.டி. எண். ஒப்பீட்டுச் செடியில் உங்கள் மரபணு 28, ஆக்டின் 20 என்றால் வித்தியாசம் 8. தெளித்த செடியில் 23, 20 என்றால் 3. எட்டுக்கும் மூன்றுக்கும் இடைவெளி 5 சுற்று. ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு என்பதால் 2-ஐ ஐந்து முறை பெருக்கினால் 32 மடங்கு.

சரி, ஆர்.என்.ஏ. ஏறிவிட்டது. நொதியும் ஏறியதா? அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். 24, 48 மணி நேர இலைகளைக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து, தெளிந்த சாற்றில் கேட்டிகால் என்ற பீனாலைச் சேருங்கள். நொதி இருந்தால் பழுப்பேறும்; நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று நிறமானியில் அளவிடலாம். சாற்றில் ஒரு பங்கைக் கொதிக்க வைத்து அதிலும் சோதியுங்கள். அதுவும் அதே வேகத்தில் பழுப்பேறினால், அந்த நிறம் நொதியால் வந்ததல்ல.