சொந்த ஆட்டத்திலிருந்து எண்ட்கேம் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஸ்ஸில் எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த இறுதிக் கட்டம், கற்றுக்கொள்ள நாம் ஆடிய ஆட்டங்களைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த நிலை எப்படி வந்தது, அப்போது எதற்குப் பயந்தோம், எந்த நகர்வை நம்பினோம் என்பதெல்லாம் நமக்கே தெரியும். அப்படியிருந்தும் பலர் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய பிறகும் அதே யானை எண்ட்கேமில் அதே அரைப் புள்ளியை விடுகிறார்கள். ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும் விதத்தில்தான் கோளாறு.

முதல் தவறு, ஆட்டம் முடிந்த கையோடு எஞ்சினை, அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் செஸ் மென்பொருளை, ஓட்டுவது. ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத் தொடக்கத்தில், இதனால் பெரிய நஷ்டம் இல்லை. எண்ட்கேமில் எஞ்சின் காட்டும் எண் பாதி விஷயத்தை மறைத்துவிடும். 0.00 (இரு பக்கமும் சமம்) என்று காட்டும் ஒரு நிலையில் எதை ஆடினாலும் டிராவாக இருக்கலாம். அதே 0.00 காட்டும் இன்னொரு நிலையில், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நகர்வு மட்டும்தான் காப்பாற்றும். நமக்குத் தெரிய வேண்டியது அந்த வித்தியாசம்தான், அதை எண் சொல்லாது. ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் வரையுள்ள நிலைகளுக்கு டேபிள்பேஸ், அதாவது முடிவை முழுதாகக் கணக்கிட்டு வைத்த தரவுத்தளம், இருக்கிறது. அதன் தீர்ப்பில் பிழை கிடையாது. ஆனால் காரணம் சொல்வது அதன் வேலை இல்லை. சில சமயம் தேவையில்லாமல் சிப்பாயை விட்டுக்கொடுப்பதுபோலத் தோன்றும் நகர்வை முதலில் நிறுத்தும். அதை அப்படியே மனப்பாடம் செய்து பயனில்லை. முதலில் போர்டில் காய்களை வைத்து, 'இது ஜெயமா, டிராவா, ஏன்?' என்று நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். அதை எழுதியும் வையுங்கள். அப்புறம் எஞ்சினைத் திறந்தால், உங்கள் எண்ணம் எந்த இடத்தில் தடம் மாறியது என்று துல்லியமாகத் தெரியும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்: கடைசியாகச் செய்த தப்பை மட்டும் பார்ப்பது. எண்ட்கேமில் தோற்றவர் பெரும்பாலும் எண்ட்கேமுக்குள் நுழைந்த நொடியிலேயே தோற்றிருப்பார். எந்தக் காயை மாற்றிக்கொள்வது, எதை வைத்துக்கொள்வது என்ற முடிவுதான் அங்கே எல்லாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரெனுக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனாலும் யானையும் பிஷப்பும் போர்டில் இருந்தவரை டிரா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 55-வது நகர்வில் அவர் யானையை எஃப்2-வுக்குக் (எஃப் பத்தி, 2-வது வரிசைக் கட்டம்) கொண்டுவந்தார். எதிர்த்து ஆடிய குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டார். அடுத்து பிஷப்பை டி5-ல் வைத்தார். ஏ8 மூலையில் இருந்த டிங்கின் பிஷப்புக்குப் போக்கிடம் இல்லை, அதுவும் மாறியது. மிஞ்சியது சிப்பாய் எண்ட்கேம், அதில் காப்பாற்ற வழியே இல்லை. உலக சாம்பியனுக்கே நேர்ந்தது நமக்கு வாராவாரம் நேர்கிறது. ஆகவே உங்கள் ஆட்டத்தில் கடைசி ராணியோ கடைசி யானையோ மாறிய இடத்துக்குப் போய் நில்லுங்கள். மாற்றாமல் இருந்திருந்தால் என்ன என்று அங்கே கேளுங்கள். எல்லாக் காயும் போய் சிப்பாய் மட்டும் மிஞ்சும் மாற்றத்தை, கடைசிவரை கணக்குப் போடாமல் செய்யவே கூடாது.

ஜெயித்த ஆட்டத்தைத் தூக்கிப் போடுவதும் தவறுதான். எதிராளி ரிசைன் செய்துவிட்டார், சரி. அந்த நிலையை எஞ்சினுக்கு எதிராக ஆடி உங்களால் ஜெயிக்க முடிகிறதா? ஆடிப் பாருங்கள். பேசி டிரா செய்துகொண்ட ஆட்டங்களுக்கும் இதேதான்.

அடுத்தது, நிலையை அப்படியே மனப்பாடம் செய்வது. வெள்ளை ராஜா இ6-லும் சிப்பாய் இ5-லும், கறுப்பு ராஜா இ8-லும் இருந்தால் யார் ஆடும் முறையானாலும் வெள்ளைக்கு ஜெயம். இதை உங்கள் ஆட்டத்தில் பார்த்துவிட்டு, 'ராஜா சிப்பாய்க்கு முன்னால் இருந்தால் ஜெயம்' என்று எழுதி வைத்தால் ஆபத்து. மூன்று காய்களையும் ஒரு கட்டம் கீழே இறக்குங்கள்: ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. இப்போது வெள்ளை ஆடும் முறையென்றால் டிரா, கறுப்பு ஆடும் முறையென்றால்தான் ஜெயம். பழைய நிலையையே ஓரத்துக்கு நகர்த்தி ராஜா ஏ6, சிப்பாய் ஏ5, கறுப்பு ராஜா ஏ8 என்று வைத்தால் யார் ஆடினாலும் டிரா. யானை எண்ட்கேமிலும் இப்படித்தான். இருவரிடமும் ஒரு யானை, எதிராளியிடம் மட்டும் ஒரு சிப்பாய் என்று வையுங்கள். உங்கள் ராஜா சிப்பாய்க்கு எதிரே நிற்க, யானையைக் கடைசி வரிசையிலேயே வைத்துக் காப்பது ஜி பத்திச் சிப்பாய்க்கு எதிராகப் பலிக்கும். அதையே எஃப் சிப்பாய்க்கு எதிராகச் செய்தால் தோல்வி, ஏனென்றால் எதிராளியின் யானை மறுபக்கம் சுற்றி வந்து தாக்க இடம் இருக்கிறது. அதனால் உங்கள் ஆட்டத்தில் வந்த ஒவ்வொரு நிலையிலும் ஒன்றை மாற்றிப் பாருங்கள்: சிப்பாயை ஒரு பத்தி தள்ளுங்கள், யார் முறை என்பதை மாற்றுங்கள். விடை எங்கே தலைகீழாகிறதோ அங்கேதான் பாடம் இருக்கிறது.

எதைப் படிப்பது என்பதிலும் சறுக்கல் உண்டு. பிஷப்பும் குதிரையும் வைத்து மேட் செய்வது அழகான விஷயம், சரியாக ஆடினால் 33 நகர்வுக்குள் முடியும். ஆனால் அது வருவது அபூர்வம். அடிக்கடி வருவது யானை எண்ட்கேம். உங்கள் ஆட்டங்களைப் பிரித்து அடுக்கினால் அதுவே தெரிந்துவிடும். அதில் சிப்பாய் குறைந்தவர் டிரா செய்ய உதவும் பிலிடோர் தற்காப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: எதிராளியின் ராஜா முன்னேறாதபடி யானையை அதன் முன் வரிசையில் நிறுத்தி, சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகே பின்னால் போய் செக் கொடுப்பது. படித்தவர்களும் அவசரப்பட்டு முன்னாலேயே செக் கொடுக்கப் போய், ராஜாவை உள்ளே விட்டுவிடுவார்கள். உங்கள் ஆட்டத்தில் இது நடந்திருந்தால் அந்த ஒரு ஆட்டம் போதும், வேறு உதாரணம் தேட வேண்டாம்.

'நேரம் இல்லை, அதனால்தான் தோற்றேன்' என்று மூடிவிடுவது சுலபம். ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது என்று பாருங்கள். முன்பு எங்கோ ஒரு சாதாரண நகர்வுக்கு அஞ்சு நிமிடம் போயிருக்கும். நகர்வுக்கு நகர்வு கூடுதல் நேரம் சேராத 3 நிமிட பிளிட்ஸ் (அதிவேக) ஆட்டங்களை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அவற்றில் கை ஆடியது எது, யோசித்து ஆடியது எது என்று பிரிக்க முடியாது.

கடைசியாக, பார்த்து முடித்ததோடு விட்டுவிடாதீர்கள். நிலையைச் சேமித்து வைத்து, சில வாரம் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி ஆடுங்கள். ஒரு முறை உங்கள் பக்கத்திலிருந்து, ஒரு முறை எதிராளியின் பக்கத்திலிருந்து. அவர் பக்கம் உட்கார்ந்து ஆடும்போதுதான், நீங்கள் பயந்த மிரட்டல்களில் எது நிஜம், எது வெற்று என்று புரியும்.