'லா சோம் லெ ருவா' சுவடிகளைப் படிக்கையில் நேரும் தவறுகள்

பிரான்சின் அரசன் மூன்றாம் பிலிப், தன் பாவசங்கீர்த்தனத்தை (பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கேட்கும் டொமினிக்கன் சபைத் துறவி லோரானிடம் ஒரு நூல் கேட்டான். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், ஏழு தலையான பாவங்கள், நன்றாக இறக்கக் கற்பது, பரலோக மந்திரம், பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகள் எல்லாவற்றையும் லத்தீன் தெரியாதவர்களுக்காகப் பிரெஞ்சிலேயே சொல்லும் நூல் 1279இல் உருவானது. இதற்கு முன்பே, 1215இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், வயதுவந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என விதித்திருந்தது. எது பாவம், அதன் கிளைகள் எவை என்று சாதாரண மக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்தது. அதனால் 'லா சோம் லெ ருவா' என்ற இந்நூல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் படியெடுக்கப்பட்டது. இன்றும் நூறு அளவில் பிரதிகள் எஞ்சியிருக்கின்றன.

இப்பிரதிகளைப் பற்றி எழுதுபவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. நூல் வேறு, அதன் பிரதி வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1279 யாருடைய ஆண்டு?

பல பிரதிகளின் இறுதியில், அரசன் பிலிப்பின் வேண்டுகோளின்படி சபைத் துறவி ஒருவர் 1279இல் இதைத் தொகுத்து முடித்தார் என்ற வாக்கியம் இருக்கும். உடனே 'சுவடியின் காலம் 1279' என்று குறித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியம் நூலின் ஒரு பகுதி. படியெடுத்தவர் மற்ற வரிகளோடு அதையும் சேர்த்தே எழுதினார். 1450இல் எழுதிய பிரதியிலும் 1279 என்றே இருக்கும். பாரிசின் ஆர்செனல் நூலகத்தில் 6329 என்ற எண்ணுள்ள சுவடி 1311இல் எழுதப்பட்டது. நூலுக்கும் அதற்கும் 32 ஆண்டு இடைவெளி. படியெடுத்தவர் தன் பெயரையோ, தான் முடித்த நாளையோ தனியாக எழுதியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எழுத்தின் வடிவம், ஓவியத்தின் பாணி, உடைமையாளர் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டுதான் காலம் சொல்ல முடியும். அப்போதும் 'ஏறத்தாழ 1290–1300' என்பதுபோல ஓர் இடைவெளியாகச் சொல்வதே சரி.

ஆண்டு கிடைத்த பிறகும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது எண்முறை. பிரெஞ்சுக்காரர்கள் எண்பதை 'நாலு இருபது' என்றே எழுதினார்கள் (இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்). ரோமன் எண்ணில் நான்கு ஐ போட்டு அதன் தலைமேல் சிறிதாக இரண்டு எக்ஸ் எழுதியிருந்தால், அது 4×20. இதைக் கூட்டிப் படித்தால் 24 ஆகிவிடும். அப்போது 1295 என்று எழுதப்பட்ட பிரதி 1239ஆம் ஆண்டுப் பிரதியாக மாறும். நூல் பிறப்பதற்கு நாற்பது ஆண்டு முன்பே பிரதி பிறந்திருக்கும்!

இரண்டாவது ஆண்டுத் தொடக்கம். அரச அலுவலகத்திலும் பாரிஸ் வட்டாரத்திலும் புத்தாண்டு பிறந்தது சனவரி 1இல் அன்று, ஆண்டுதோறும் நாள் மாறும் பாஸ்கா (ஈஸ்டர்) திருநாளில். அவர்களுடைய 1295 நம் கணக்கில் 1295 ஏப்ரல் 3இல் தொடங்கி 1296 மார்ச் 24இல் முடிகிறது. '1295 பிப்ரவரி' என்று இருந்தால் அது நம் 1296 பிப்ரவரி. 1564இல் ஒன்பதாம் சார்லஸ் ஆணையிட்ட பிறகே ஆண்டு சனவரிக்கு மாறியது. மாதம் குறிப்பிடாமல் ஆண்டு மட்டும் இருந்தால், இரண்டு ஆண்டையும் சாய்கோடிட்டு எழுதிவிடுங்கள்.

தலைப்பிலேயே ஓர் இலக்கணம்

'லா சோம் லெ ருவா' என்பதை 'தொகைநூல், அரசன்' என்று இரண்டாகப் பிரித்துப் படிப்பவர்கள் உண்டு. பழைய பிரெஞ்சில் உடைமைப் பொருளுக்கு உருபு வேண்டியதில்லை. உடையவர் மனிதராக இருந்தால் பெயரை அப்படியே பின்னால் வைத்தால் போதும். 'அரசனுடைய தொகைநூல்' என்பதே பொருள். 'கம்பன் கவி' என்பதில் உடைய மறைந்து நிற்பதை ஆறாம் வேற்றுமைத்தொகை என்று படித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

இதே இலக்கணம் வேறோர் இடத்திலும் காலை வாரும். சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்' எப்போதும் பன்மையைக் குறிப்பதில்லை. 'லி ரொய்ஸ்' என்றால் எழுவாயாக நிற்கும் ஒரே ஓர் அரசன். 'லி ரொய்' என்றால் எழுவாயாக நிற்கும் பல அரசர்கள். இன்றைய பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்கள் இதை எழுதியவரின் பிழை என்று எண்ணித் 'திருத்தி' விடுகிறார்கள். திருத்தினால் வாக்கியத்தின் பொருளே தலைகீழாகும். 14ஆம் நூற்றாண்டில் இந்த வேறுபாடு தளர்ந்துபோகிறது. ஆகவே இது இல்லாத பிரதி சற்றுப் பிந்தியதாக இருக்கலாம். ஆனால் பழைய பிரதியைக் கண்ணால் பார்த்து எழுதியவர் பழைய வடிவத்தையே விட்டுவைப்பதும் உண்டு. இதை மட்டும் வைத்துக் காலம் கணிக்காதீர்கள்.

எழுத்தைப் படிக்கும்போது

புள்ளியிடாத ஓலையில் ரகரமும் காலும் மயங்குவதுபோல, இங்கே குறுங்கோடுகள் மயங்கும். மூன்று கோடு அடுத்தடுத்து நின்றால் அது எம் ஆகலாம், என்–ஐ ஆகலாம், ஐ–யு ஆகலாம். யு–வும் வி–யும் ஒரே எழுத்து. ஐ–யும் ஜே–யும் அப்படியே. முதலில் கோடுகளை எண்ணுங்கள், பிறகு சொல்லை ஊகியுங்கள். ஊகித்துவிட்டு எண்ணினால் கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும்.

சுருக்கக் குறிகளில் அதிகம் தவறுவது இவற்றில்: பி–யின் கால் குறுக்கே கோடு இருந்தால் 'பர்' அல்லது 'பெர்', அதே காலிலிருந்து இடப்பக்கம் வளைவு கிளம்பினால் 'ப்ரோ'. ஒன்பது போன்ற குறி சொல்லின் தொடக்கத்தில் 'கொன்', இறுதியில் உயர்ந்து நின்றால் 'உஸ்'. உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் ஒரு மெல்லின எழுத்து விடுபட்டிருக்கிறது. கிறிஸ்துவின் பெயரில் எக்ஸ், பி போலத் தெரிபவை உண்மையில் கிரேக்கத்தின் 'கி', 'ரோ' எழுத்துகள். அவற்றை லத்தீன் எழுத்தாகப் பெயர்த்தால் அந்தச் சொல்லே காணாமல் போகும். விரித்து எழுதியதைச் சாய்வெழுத்திலோ பிறைக்குறிக்குள்ளோ காட்டுங்கள். சுவடியில் இருந்தது எது, நீங்கள் சேர்த்தது எது என்பது படிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சொற்கள்

'லூக்சூர்' என்பதை ஆடம்பரம் என்று மொழிபெயர்த்தவற்றைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அது மோகம், ஞானோபதேசத்தில் வரும் அதே தலையான பாவம். 'ஃபெலொனி' சட்டக் குற்றம் அன்று. கோபமும் கொடிய மனமும். 'ப்ரொஎஸ்' போர்க்கள வீரம் அன்று. சோம்பலை வெல்லும் ஆன்ம உறுதி. இந்நூலில் புண்ணியங்களும் பாவங்களும் இணை இணையாக வருவதால், ஒரு சொல்லில் ஐயம் வந்தால் அதன் எதிரிணையைப் பாருங்கள். அகராதியைவிட அது விரைவில் வழி காட்டும்.

ஓவியங்கள்

முழுமையான பிரதியில் 15 ஓவியங்கள் வரும். பெரும்பாலான பிரதிகளில் அத்தனையும் இல்லை. குறைந்திருப்பதாலேயே திருடுபோனது என்று முடிவுகட்டக் கூடாது. ஏழு தலை விலங்கைக் கண்டதும் விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலின் கதை என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இங்கே தலைகள் ஏழு பாவங்கள், பத்துக் கொம்புகள் பத்துக் கட்டளைகளை மீறுவது. அதேபோல் ஓலோபெர்னின் தலையை வெட்டும் யூதித்தும் போத்திபாரின் மனைவியிடமிருந்து ஓடும் யோசேப்பும் ஒரே பக்கத்தில் வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். மேலே கற்பும் மோகமும் பெண்ணுருவில் நிற்கும். கீழே அவற்றுக்கு எடுத்துக்காட்டு. பக்கத்தை நான்கு கட்டமாகச் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

லண்டன் பிரித்தானிய நூலகத்தின் சேர்க்கை 54180 எண் சுவடியை 'ஓனொரே வரைந்தது' என்று உறுதியாக எழுதுகிறார்கள். அதில் கையொப்பம் இல்லை. பாரிசில் ஓனொரே என்ற ஓவியர் இருந்தது உண்மை. 1288இல் அவரிடம் ஒரு சட்டநூலை 40 பாரிஸ் லிவ்ருக்கு வாங்கியதாக, இப்போது தூர் நகரில் உள்ள சுவடியில் குறிப்பு இருக்கிறது. ஆனால் விற்றவர் என்பதற்கும் வரைந்தவர் என்பதற்கும் இடையே தூரம் உண்டு. 'ஓனொரேக்கு உரியதாகக் கருதப்படுவது' என்பதற்கு மேல் போகாதீர்கள். இதே சுவடியிலிருந்து பிரிந்த ஓவிய ஏடுகள் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டனில் இருப்பதை மட்டும் எண்ணிவிட்டு, இவ்வளவுதான் வரையப்பட்டது என்று சொல்வதும் பிழையே.

ஏடு காணாமல் போயிருக்கிறதா என்று அறிய, கட்டுகளை எண்ணுங்கள். வழக்கமான கட்டு நான்கு இரட்டைத் தாள், அதாவது 8 ஏடு, 16 பக்கம். ஏடுகள் விலங்குத் தோலால் ஆனவை. தோலின் மயிர்ப்புறம் மஞ்சளாகவும் மயிர்க்கால் புள்ளிகளோடும் இருக்கும். சதைப்புறம் வெளுப்பாக இருக்கும். விரித்த இரு பக்கமும் ஒரே புறமாக இருப்பதே முறை. ஒருபுறம் மஞ்சளும் மறுபுறம் வெளுப்பும் எதிரெதிரே நின்றால் அங்கே ஓர் ஏடு போயிருக்கலாம், அல்லது தனியே வரைந்த ஓவிய ஏட்டை இடையில் சேர்த்திருக்கலாம். தையலோரத்தில் வெட்டிய தோல்துண்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கையும் கருவியும்

வெள்ளைத் துணிக் கையுறை வேண்டாம். விரலுணர்வு குறைந்து ஏட்டின் ஓரம் கிழியும். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு ஓரத்தைப் பிடித்துப் புரட்டுங்கள். பொன்னையும் வண்ணத்தையும் தொடாதீர்கள். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டுமே. கருப்பு-வெள்ளை நுண்படத்தை வைத்துச் சிவப்புத் தலைப்பு எது, மூல வரி எது என்று தீர்மானிக்க முடியாது. சுரண்டி எழுதிய இடமும் அதில் தெரியாது.

மேற்கோள் காட்டும்போது திரையில் வரும் படத்தின் எண்ணைத் தராதீர்கள். அட்டையும் வெற்றுத் தாள்களும் படத்தில் சேர்வதால் அது ஏட்டெண்ணோடு பொருந்தாது. நகரம், நூலகம், தொகுப்பு, எண், ஏடு, முன்புறமா பின்புறமா, இரண்டு பத்தியாக எழுதியிருந்தால் எந்தப் பத்தி என்று எல்லாவற்றையும் தாருங்கள். பாரிஸ் தேசிய நூலகத்தில் 'பிரெஞ்சு 938' என்பதும் 'லத்தீன் 938' என்பதும் வெவ்வேறு சுவடிகள். வெறுமனே '938' என்று எழுதினால் அடுத்தவர் தவறான சுவடியைக் கேட்டு வாங்குவார்.